ஹெரால்டுக்கு வாங்கிய புது ஏசி பம்ப்: பெட்டி அழகு, உள்ளே வம்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது குளிரூட்டும் ஏசி இல்லை. எஞ்சின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, டிக்கியில் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துக் கார்ப்ரேட்டருக்கு அனுப்பும் கைக்கடக்கமான ஒரு சாமான், அதற்கு நம் ஊர் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பெயர் ஏசி பம்ப். ஆல்பர்ட் சாம்பியன் என்பவரின் முதலெழுத்துகளைத் தாங்கிய ஏசி கம்பெனியின் பம்ப் பரவலாக வந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். அப்புறம் யார் செய்தாலும் அது ஏசி பம்ப்தான். கடையில் போய் "ஏசி பம்ப் இருக்கா" என்று கேட்டால் வயதான கடைக்காரர் உடனே எழுந்திருப்பார், இளைஞர் எதிர்க்கடையைக் கை காட்டுவார்.

எங்கள் வண்டி 1969 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் 3, நாலு கதவு. பெரியப்பா வாங்கி, அப்பா ஓட்டி, இப்போது என் தலையில் இருக்கிறது. இங்கிலாந்தில் 1959-ல் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று வந்தபோது அது இரண்டு கதவு வண்டி, வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. அதற்கு நாலு கதவு வைத்து விற்றது நம் மெட்ராஸ் ஸ்டாண்டர்ட் கம்பெனி மட்டும்தான். இந்த வண்டியின் பெரிய சௌகரியம் பானெட். மூக்கு, மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து மொத்த முன்பக்கமும் முன்னால் கவிழ்ந்துகொள்ளும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சினில் வேலை பார்க்கலாம், முதுகு வலி கிடையாது. பம்ப் மாற்றுவதற்கு இதைவிட வசதியான வண்டி இருக்க முடியாது. அப்படியிருந்தும் எனக்கு நாலு மாதம் ஆனது. அதற்குக் காரணமான பம்ப்பைப் பற்றித்தான் இந்த விமர்சனம், கூடவே அதற்குப் பதிலாக நான் வாங்கிய ரிப்பேர் கிட் பற்றியும்.

நடந்தது இதுதான். ஒரு ஞாயிறு காலை ஜிஎஸ்டி ரோட்டில் இரும்புலியூர் தாண்டி, பெருங்களத்தூர் சிக்னலை நெருங்கும்போது வண்டி இருமியது. ஆக்ஸிலேட்டர் மிதித்தால் பிக்கப் இல்லை, விட்டால் ஆஃப் ஆகிறது. இந்த வண்டியைப் பெற்ற தொழிற்சாலை இருந்த பக்கம்தான் அது, பிறந்த வீட்டு வாசலில் வந்து மயங்கி விழுந்த மாதிரி. வெயில் காலம் என்பதால் வழக்கமான வேப்பர் லாக், அதாவது சூட்டில் பெட்ரோல் பைப்புக்குள்ளேயே ஆவியாகி ஓட்டத்தை அடைப்பது, அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அம்பாசடர், ஃபியட் ஓட்டியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம், பம்ப் மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் உட்கார வேண்டும். துணியோடு பானெட்டைத் தூக்கினால், பம்ப்புக்கு அடியில் ஏற்கெனவே ஈரம். தொட்டு மோந்து பார்த்தேன், பெட்ரோல்.

வேப்பர் லாக்குக்கும், பம்ப்புக்குள் மேலும் கீழும் அசைந்து பெட்ரோலை இழுக்கும் ரப்பர் துணியான டயாப்ரம் கிழிசலுக்கும் வித்தியாசம் தெரியாமல் பல பேர் வாரக்கணக்கில் ஈரத்துணி போட்டுக்கொண்டே ஓட்டுகிறார்கள். வேப்பர் லாக் என்றால் பம்ப் காய்ந்துதான் இருக்கும், ஆறினால் வண்டி ஓடும். டயாப்ரம் போய்விட்டால் பம்ப்பின் கீழ்ப்பாதியில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகப் பெட்ரோல் கசியும். அந்த ஓட்டையை வைத்ததே நமக்குத் தகவல் சொல்வதற்குத்தான். அதைவிட மோசமான வழி ஒன்று உண்டு, கிழிந்த டயாப்ரம் வழியாகப் பெட்ரோல் நேராக எஞ்சின் ஆயிலுக்குள் இறங்கிவிடும். டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். முழு அளவுக் கோட்டுக்கு மேல் ஒரு விரல் அகலம் ஏறியிருந்தது, துணியில் துடைத்தால் ஆயில் ரசம் மாதிரி ஓடியது. ஆயில் குறைந்தால் பயப்படுவோம், கூடினால் யாரும் பயப்படுவதில்லை. ஏறிய ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போகும், அதோடு கிராங்க்கேஸ் முழுக்கப் பெட்ரோல் ஆவி. சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியை ஏற்றிச் செல்லும் லாரிக்குப் போன் செய்தேன்.

டயாப்ரம் ஏன் திடீரென்று போனது என்றால் திடீரென்று போகவில்லை. பழைய ரப்பர் துணி, எத்தனால் இல்லாத காலத்துப் பெட்ரோலுக்காகச் செய்தது. இப்போது பங்க்கில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் பழைய ரப்பரை ஊற வைக்கும், வண்டி சும்மா நிற்கும்போது காய வைக்கும், ஊறிக் காய்ந்து ஊறிக் காய்ந்து அது அப்பளம் ஆகிவிடும். மாதத்துக்கு இரண்டு முறை எடுக்கும் வண்டிக்கு இது இன்னும் மோசம். என் வண்டியில் கழற்றிய டயாப்ரத்தை விரலால் மடித்தேன், நடுவில் நாலு இடத்தில் வெடித்தது. கூடவே டேங்க் பக்கத்து ரப்பர் ஹோஸும் சூயிங் கம் பதத்துக்கு வந்திருந்தது.

சரி, கடைக்கு வருகிறேன். சென்னையில் வண்டிச் சாமான் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை இரண்டும் அலைந்தேன். புதுப்பேட்டையில் பழைய பம்ப் கிடைக்கிறது, ஆனால் அதற்குள் இருப்பதும் அதே வயது டயாப்ரம். கடைசியில் ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் புத்தம் புது பம்ப், 2,400 ரூபாய். கடை பெயரும் பம்ப்பின் பிராண்டும் சொல்லப்போவதில்லை, அதே சாமான் வேறு வேறு பெட்டியில் வேறு வேறு பெயரில் வருகிறது என்று பிறகு தெரிந்தது. பெட்டி நல்ல தடிமன் அட்டை, பளபளவென்று அச்சு. கடைக்காரர் சொன்ன ஒரு வாக்கியத்தில் நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"சார், இது ஹெரால்டுக்கும் போடலாம், ஃபியட்டுக்கும் போடலாம், ஜீப்புக்கும் போடலாம்."

மூன்று வேறு எஞ்சினுக்கு ஒரே பம்ப் என்றால் மூன்றில் ஒன்றுக்குக்கூட அது சரியாகப் பொருந்தாது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. மூடியும் குழாய் வாயும் அச்சு அசல், போல்ட் ஓட்டை இரண்டும் சரி. பழையதைக் கழற்றிப் புதியதோடு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கேம் (எஞ்சினுக்குள் சுற்றும்போது பம்ப்பை அழுத்தும் மேடு) மேல் உட்காரும் லீவரைப் பார்த்தேன். புதியதன் லீவர் நுனி, ஸ்கேல் வைத்துப் பார்த்ததில், மூன்று மில்லி கூடுதலாக உள்ளே நீண்டிருந்தது. கடைக்குப் போன் செய்தேன். "ரெண்டு பேக்கிங் சேர்த்துப் போடுங்க சார், எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க." பேக்கிங் என்பது பம்ப்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வைக்கும் அட்டை, அது தடித்தால் லீவர் அவ்வளவு உள்ளே போகாது. சரி என்று நம்பி, பழையதைத் திரும்ப மாட்டி வைத்துவிட்டு, ஆள் வந்ததும் புதியதைப் போட முடிவு செய்தேன்.

போட வந்தவர் எங்கள் பகுதியில் முப்பது வருடமாக வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணன். கைப்பக்குவம் பிரமாதம், ஆனால் பெட்ரோலிடம் பயம் கிடையாது. வந்ததும் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு டயர் மேல் உட்கார்ந்தார்.

"அண்ணே, மொதல்ல பீடிய அணைங்க. ரோட்டுக்குப் போய் அணைங்க."

"இன்னும் பைப்பே கழட்டலியே தம்பி."

"அடியில பாருங்கண்ணே, ஏற்கெனவே சொட்டிக்கிட்டு இருக்கு."

சிரித்துக்கொண்டே போய் அணைத்துவிட்டு வந்தார். பெட்ரோல் விஷயத்தில் நான் கொஞ்சம் கெடுபிடிதான். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிரில்கூடப் பற்றக்கூடிய ஆவியை விடும், சென்னை வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனம், மேலே போகாது, தரையோடு தரையாகத் தவழ்ந்து பள்ளம் பார்த்துத் தேங்கும். அதனால் சர்வீஸ் குழி இருக்கும் ஷெட்டில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. எங்கள் போர்ட்டிகோவில் மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டர் இருக்கிறது, கரண்ட் போனால் உள்ளே ரிலே டக்கென்று அடிக்கும், அந்தப் பொறி போதும். அதுவும் போக அன்று வெள்ளிக்கிழமை, சாயங்காலம் அம்மா வாசலில் விளக்கு வைப்பார். வண்டியைத் தள்ளித் தெரு ஓரமாக வேப்ப மரத்தடியில், காற்றோட்டமான இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் ஆரம்பித்தோம். தீயணைக்கும் பவுடர் சிலிண்டர் இரண்டு கிலோவில் ஒன்று, முள் பச்சையில் இருக்கிறதா என்று பார்த்து, கை எட்டும் தூரத்தில். ஒரு வாளி மணல். தண்ணீர் வாளி வைக்கவில்லை, பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் நெருப்பு தண்ணீர் மேல் ஏறி மிதந்து போகும்.

அடுத்து பேட்டரி. எர்த் வயரை முதலில் கழற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு மைனஸைக் கழற்றுவார்கள். பழைய பிரிட்டிஷ் வம்ச வண்டிகள் பலவற்றில் பிளஸ்தான் பாடிக்குப் போகும். எந்த வயர் பாடியில் முடிகிறது என்று கண்ணால் தொடர்ந்து பார்த்து அதைக் கழற்றுங்கள். மற்றதை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் வரும் பொறி, பெட்ரோல் சொட்டும் வண்டியில், வேண்டவே வேண்டாம்.

டேங்க் மூடியை ஒரு முறை திறந்து மூடினேன். இதில் இன்னொரு விஷயமும் தெரிந்துவிடும், திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்று ஓட்டை அடைத்திருக்கிறது, பம்ப் மேல் தப்பே இல்லாமல் இருக்கலாம். எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. டேங்க்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்ததால் பைப்பைக் கழற்றியதும் தானாகவே வழிய ஆரம்பித்தது. அண்ணன் இயல்பாக ஹோஸை வாயருகே கொண்டுபோனார், கேனுக்கு உறிஞ்சி விட. கையைப் பிடித்துவிட்டேன். வாயில் போனால் துப்பிவிடலாம், மூச்சில் இறங்கினால் நுரையீரல் போய்விடும். ஹோஸ் வாயில் ஒரு போல்ட்டைச் செருகிக் கிளிப் போட்டு இறுக்கினோம், வேலை முடிந்தது.

பம்ப்பைப் பிடித்திருப்பது இரண்டே நட்டுதான், ஸ்பேனர் அரை இஞ்ச். நம்மிடம் இருக்கும் பன்னிரண்டு-பதிமூன்று ஸ்பேனரில் பன்னிரண்டு ஏறாது, பதிமூன்று ஏறும், ஆனால் கொஞ்சம் ஆடும். அந்த ஆட்டத்தில்தான் இந்த வண்டிகளின் நட்டு முனையெல்லாம் உருண்டிருக்கிறது. அரை இஞ்ச் ரிங் ஸ்பேனர் ஒன்று நூற்றுச் சொச்சம் ரூபாய், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கார்ப்ரேட்டர் போகும் பைப்பின் யூனியன் நட்டுக்கு இரண்டு ஸ்பேனர் வேண்டும், ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. ஒற்றை ஸ்பேனர் போட்டால் நட்டோடு சேர்ந்து பைப்பும் ஜிலேபி மாதிரி முறுக்கிக்கொள்ளும்.

புது பம்ப்பை இரண்டு பேக்கிங் வைத்து ஏற்றினோம். ஏற்றும்போது நட்டு இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும், லீவர் ஸ்பிரிங்கின் எதிர்ப்பு கையில் தெரியும். எதிர்ப்பு ரொம்ப அதிகமாக இருந்தால் கேம் உச்சியில் நிற்கிறது என்று அர்த்தம், எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போட்டால் சுலபமாக உட்காரும். பம்ப்பின் கை லீவரை அடித்துக் கார்ப்ரேட்டரை நிரப்பினோம். ஆயில், ஃபில்டர் இரண்டும் மாற்றியாகிவிட்டது, பழைய ஆயிலோடு ஸ்டார்ட் செய்யும் பேச்சே இல்லை. பேட்டரி கொடுத்து செல்ஃப் அடித்ததும் வண்டி ஒரே முட்டில் பிடித்துக்கொண்டது. அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் "இதுக்கா இவ்ளோ அலப்பறை" என்று எழுதியிருந்தது.

ஐந்து நிமிடம் கழித்து ஐட்லிங் கனத்தது, கறுப்புப் புகை. கார்ப்ரேட்டர் பக்கம் குனிந்தால் கழுத்து வழியாகப் பெட்ரோல் வியர்வை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. இந்த எஞ்சினில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் ஒரே பக்கம், கார்ப்ரேட்டருக்கு நேர் அடியில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. அதாவது வழியும் பெட்ரோல் போய்ச் சேரும் இடம் கொதிக்கும் இரும்பு. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு இரண்டு பேரும் பத்தடி தள்ளிப் போய் நின்றோம். ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் அதற்கப்புறம் பீடியைப் பற்றிப் பேசவில்லை.

முதல் சந்தேகம், கார்ப்ரேட்டர் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் ஃப்ளோட் நீடில் மேல். அதைக் கழற்றிப் பார்த்தால் சுத்தமாக இருக்கிறது. அடுத்த வாரம் ஒரு சின்னப் பிரஷர் கேஜ், பதினைந்து பவுண்டு வரை காட்டுவது, டி கனெக்டர் போட்டு பம்ப்புக்கும் கார்ப்ரேட்டருக்கும் நடுவில் மாட்டினேன். ஹெரால்டுக்கு வேண்டியது ஒன்றரை முதல் இரண்டரை பவுண்டு. இந்தப் புது பம்ப் காட்டியது ஐந்து. டயரில் ஐந்து பவுண்டு ஒன்றுமில்லை, ஆனால் கார்ப்ரேட்டரில் ஒரு பித்தளைக் குண்டூசி அளவு நீடில்தான் வாசல் காவல், இரண்டரைக்குப் பழகிய காவலாளி ஐந்தை எப்படித் தடுப்பான்?

இந்த பம்ப் வேலை செய்யும் விதத்தை ஒரு நிமிடம் சொல்லிவிடுகிறேன், ஏமாறாமல் இருக்க உதவும். கேம் வந்து லீவரை அழுத்தும்போது டயாப்ரம் கீழே இழுக்கப்பட்டு டேங்க்கிலிருந்து பெட்ரோல் உள்ளே வருகிறது, அவ்வளவுதான் எஞ்சின் செய்யும் வேலை. அதை மேலே தள்ளிக் கார்ப்ரேட்டருக்கு அனுப்புவது டயாப்ரத்துக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங். கார்ப்ரேட்டர் நிறைந்து நீடில் மூடிக்கொண்டால் டயாப்ரம் கீழேயே நிற்கும், லீவர் மட்டும் சும்மா ஆடும். ஆக, எத்தனை பவுண்டு என்பதை எஞ்சின் வேகம் தீர்மானிக்காது, ஸ்பிரிங்தான் தீர்மானிக்கும். கெட்டி ஸ்பிரிங் போட்டால் ஜீப்புக்கும் ஆகும், டிராக்டருக்கும் ஆகும், ஹெரால்டு மூழ்கும். கூடுதலாக ஒரு பேக்கிங் வைத்துப் பார்த்தேன், லீவரின் வீச்சு குறைந்து நாலரைக்கு வந்தது. அதற்கு மேல் வைத்தால் போல்ட்டில் நட்டு பிடிக்க மரை இல்லை.

கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். "பெட்ரோல் பட்ட சாமான் ரிட்டன் எடுக்க மாட்டோம் சார்." பெட்ரோல் படாமல் பெட்ரோல் பம்ப்பை எப்படிச் சோதிப்பது என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை, டீ மட்டும் சொன்னார். மரியாதையான மனிதர், அதில் குறையில்லை. பில்லில் வண்டி பெயரை எழுதி வாங்கியிருந்தால் வாதாட ஒரு பிடி இருந்திருக்கும், அது என் தப்பு.

நடுவில் ஒரு நண்பர் எலெக்ட்ரிக் பம்ப் போடச் சொன்னார், சதுரமாக இருக்குமே, ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைப்பது. யோசித்துவிட்டு வேண்டாம் என்றேன். அதிலும் பலது நாலு பவுண்டுக்கு மேல், தனியாக ரெகுலேட்டர் வேண்டும், ரிலே, ஃபியூஸ் வேண்டும். பிளஸ் எர்த் வண்டி என்றால் வயரை மாற்றிக் கொடுத்தால் பம்ப் காலி. எல்லாவற்றுக்கும் மேல், எஞ்சின் நின்றால் ஏசி பம்ப்பும் நின்றுவிடும், எலெக்ட்ரிக் பம்ப் சாவி ஆனில் இருக்கும்வரை அடித்துக்கொண்டே இருக்கும். எங்காவது மோதி பைப் அறுந்தால் அது பாட்டுக்கு ரோட்டில் பெட்ரோலைக் கொட்டும். அதிர்ச்சியில் தானாக அணையும் சுவிட்ச் போடாமல் எலெக்ட்ரிக் பம்ப் மாட்டிய பழைய வண்டிகளைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும்.

கடைசியில் செய்ததை முதலிலேயே செய்திருக்கலாம், பழைய பம்ப்புக்கே ரிப்பேர் கிட். இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் சாமான் விற்கும் ஒரு இடத்திலிருந்து வரவழைத்தேன், கஸ்டம்ஸ் வரியோடு சேர்த்து 3,800 ரூபாய், மூன்று வாரம். புது பம்ப்பைவிட விலை அதிகம் என்று வீட்டில் கேள்வி வந்தது, நியாயமான கேள்வி. ஒரு பிளாஸ்டிக் உறையில் டயாப்ரம், வால்வு இரண்டு, மூடிக்கான ரிங், அடி பேக்கிங். எப்படிப் போடுவது என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. ஸ்க்ரூ கிடையாது. இந்த விலைக்கு ஆறு ஸ்க்ரூ வைத்தால் என்ன குறைந்துவிடும்? பழைய ஸ்க்ரூவின் தலையெல்லாம் யாரோ தப்புத் திருப்புளி போட்டுச் சிதைத்திருந்ததால் அதற்கு வேறு அலைந்தேன்.

ஆனால் சாமான் தரம். எத்தனாலுக்குத் தாங்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள், நான் நம்பவில்லை. மூடி ரிங்கையும், நம் ஊர்க் கடையில் வாங்கிய சாதாரண ரிங் ஒன்றையும் மூடி போட்ட தகர டப்பாவில் பங்க் பெட்ரோலில் போட்டு மொட்டை மாடி நிழலில் இரண்டு வாரம் வைத்தேன். உள்ளூர் ரிங் ஊதிப்போய், பழைய பள்ளத்தில் உட்காரவே மறுத்தது. கிட்டில் வந்தது அளவு மாறவில்லை, விரலில் கறையும் ஒட்டவில்லை. அன்றைக்குத்தான் 3,800 வலிக்காமல் போனது.

மாட்டுவது அரை மணி வேலை, இரண்டு இடம் தவிர. பிரிக்கும் முன் மேல்பாதி, கீழ்ப்பாதி இரண்டிலும் சேர்த்து அரத்தால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் திரும்ப மூடும்போது குழாய் வாய் வேறு திசையைப் பார்க்கும். டயாப்ரத்தின் தண்டை உள்ளே விட்டு, அமுக்கி, கால் சுற்றுத் திருப்பினால்தான் லீவர் கொக்கியில் மாட்டும். முதல் தடவை மாட்டியது போலவே இருந்தது, லீவரை ஆட்டினால் டயாப்ரம் அசையவில்லை. மூன்றாவது முயற்சியில் கையில் ஒரு க்ளிக் உணர்வு வந்தது. அப்புறம் முக்கியமானது, ஸ்க்ரூக்களை முதலில் விரலால் மட்டும் போட்டுவிட்டு, லீவரை முழுக்க அழுத்திப் பிடித்த நிலையில்தான் இறுக்க வேண்டும். அப்படிச் செய்தால்தான் டயாப்ரத்துக்கு முழு வீச்சுக்கும் துணி கிடைக்கும். தட்டையாக வைத்து இறுக்கினால் ஒவ்வொரு அடிக்கும் அது விளிம்பில் இழுபட்டுச் சீக்கிரம் கிழியும். இதைச் செய்ய மூன்றாவது கை வேண்டும், என் மகள் திருப்புளி பிடித்தாள், நான் லீவர் பிடித்தேன்.

ஹோஸும் மாற்றினேன், எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்ற பெட்ரோல் ஹோஸ் தரக்குறியை மேலேயே அச்சடித்தது. இரு சக்கர வண்டிக்கடையில் மீட்டர் நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கும், கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் ஹோஸை இதற்கு முன் போட்டிருந்தேன், மூன்று மாதத்தில் கிளிப் இறுக்கிய இடம் கல் மாதிரி ஆகிவிட்டது. ஆர்9 விலை அதற்குப் பல மடங்கு, மொத்த வண்டிக்கும் ரப்பர் துண்டுகள் சேர்த்தால் அரை மீட்டர்தான் ஆகும். இதில் கஞ்சத்தனம் பார்ப்பது பட்டுப்புடவை வாங்கிவிட்டு ஊக்குக்குப் பேரம் பேசுகிற கதை.

அண்ணன்தான் மறுபடியும் வந்து மாட்டினார், இந்த முறை பீடியை வீட்டிலேயே வைத்துவிட்டு. கை லீவரை அடித்தபோது முதலில் எதிர்ப்பே இல்லை, கிட் தப்போ என்று வயிற்றைக் கலக்கியது. அண்ணன் எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னார். கேம் உச்சியில் நின்றால் கை லீவர் வேலை செய்யாது, எனக்கே தெரிந்த விஷயம்தான், பதற்றத்தில் மறந்துவிட்டது. சுற்றியதும் லப் லப் என்று இழுத்தது, பதினைந்து அடியில் கார்ப்ரேட்டர் நிறைந்து கை லேசாகிவிட்டது. ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒவ்வொரு ஜாயிண்ட்டையும் வெள்ளை டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்தேன். கண்ணுக்குத் தெரியாத ஈரம் பேப்பரில் தெரிந்துவிடும். டேங்க் பக்கத்துக் கிளிப்பில் ஒரு பொட்டு ஈரம் இருந்தது, இன்னும் அரைச் சுற்று. அப்புறம் ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ஓடவிட்டு, சூடானதும் அணைத்துவிட்டு மறுபடி பேப்பர். கேஜ் காட்டியது இரண்டு பவுண்டு, முள் லேசாகத் துடித்துக்கொண்டு.

அதன் பிறகு 900 கிலோமீட்டர் ஓடியாகிவிட்டது, மாமல்லபுரம் இரண்டு முறை, மே மாத மத்தியானம் ஒரு முறை உட்பட. ஆயில் அளவு ஏறவில்லை, ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். வேப்பர் லாக் ஒரு தடவை வந்தது, அது பம்ப்பின் குற்றம் இல்லை, சென்னையின் குற்றம். ஈரத்துணி இன்னும் டிக்கியில்தான் இருக்கிறது.

மார்க் போடச் சொன்னால் புது பம்ப்புக்கு ஐந்தில் ஒன்று, அதுவும் வார்ப்பு நன்றாக இருப்பதால். ஹெரால்டு, அதே ஸ்டாண்டர்ட் கம்பெனியின் கஸல் வைத்திருப்பவர்கள் எந்தக் கடையில் எந்தப் புது பம்ப் வாங்கினாலும் பழையதோடு லீவரை ஒப்பிட்டுவிட்டு, கேஜ் மாட்டி அளந்துவிட்டு, அப்புறம் வண்டியை வீட்டுக்குள் நிறுத்துங்கள். பழைய பம்ப்பின் உடம்பு வெடித்திருந்தால், லீவர் பின் தேய்ந்து ஆட்டம் போட்டால், கிட் போட்டுப் பயனில்லை, அப்போது வேறு வழியில்லாமல் புதியதுதான். கிட்டுக்கு ஐந்தில் நாலு, ஸ்க்ரூவும் சீட்டும் வைக்காததற்கு ஒன்று கழித்தாயிற்று. ஆர்9 ஹோஸுக்கு ஐந்து.

மெக்கானிக் அண்ணனுக்கு மார்க் போடும் தகுதி எனக்கு இல்லை. போன வாரம் அவர் பட்டறைக்குப் போனேன், சுவரில் புதிதாக ஒரு பவுடர் சிலிண்டர் தொங்குகிறது. கேட்டதற்கு, "அது ஒரு கஸ்டமர் தொல்லை தாங்காம வாங்குனது" என்றார். 2,400 ரூபாய் பம்ப் என் அலமாரியில் சும்மா கிடக்கிறது. அதன் பெட்டி மட்டும் உபயோகத்தில் இருக்கிறது, ஸ்பேர் பிளக் நாலும் அரை இஞ்ச் ஸ்பேனரும் போட்டு டிக்கியில் வைத்திருக்கிறேன், நல்ல கெட்டி அட்டை.